துறைக்கு ஒரு வலைத்தளம் கட்டின கதை

ஒரு துறையில "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்"னு பேர் வாங்கிட்டா அவ்வளவுதான். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நீங்கதான், ப்ரொஜெக்டர் எரியலைன்னாலும் நீங்கதான். நான் தமிழ்த்துறையில கணினித்தமிழ் தாள் நடத்துறவன். அந்த ஒரே தகுதியில 2023 ஜூலையில துறையோட புது வலைத்தளப் பொறுப்பு என் தலையில வந்து விழுந்தது. (எந்தப் பல்கலைக்கழகம்னு கேக்காதீங்க. தமிழ்நாட்டுலதான் இருக்கு, அது போதும்.)

காரணம் வேற ஒண்ணுமில்லை, நாக் குழு வரப்போகுது. நாக் வருதுன்னா துறை கல்யாண வீடு மாதிரி ஆயிரும். சுவத்துக்கு வெள்ளை அடிக்கணும், வாசல்ல பூந்தொட்டி வைக்கணும், வெப்சைட்டு போடணும். "ரெண்டு வாரத்துல முடிச்சிரலாம்ல தம்பி?" என்றார் துறைத்தலைவர். ஏழு மாசம் ஆச்சு. பக்கங்களை வடிவமைச்சு நிரல் எழுதினது மொத்தம் பத்து நாள் வேலை. மீதி நாளெல்லாம் எதுல போச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. இதைப் படிக்கிறவங்கள்ல நிறையப் பேர் கல்லூரியில வேலை பாக்குறீங்க. இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு இந்த வேலை உங்ககிட்டயும் வந்து நிக்கும். அப்ப உதவும்.

பழைய வீடு

எங்களுக்கு ஏற்கெனவே ஒரு தளம் இருந்துச்சு. 2003ல போட்டது. அந்தக் காலத்துத் தளம் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன... மேல ஓடுற எழுத்து, "புதியது"ன்னு மினுக்குற மஞ்சள் நட்சத்திரம், அடியில வந்தவங்க கணக்கு காட்டுற கவுன்ட்டர், "இந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்" என்று ஒரு வேண்டுகோள். எல்லாம் இருந்துச்சு.

அதைச் செஞ்சு கொடுத்த கம்பெனி, பல்கலைக்கழக முகவரியில வைக்காம, தனியா ஒரு டாட் காம் பேர் வாங்கி, அதையும் தங்க பேர்லயே பதிஞ்சு வச்சிருந்தாங்க. ஒரு கட்டத்துல கம்பெனியும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. வருஷா வருஷம் பணம் கட்ட ஆளில்லாம பேர் காலாவதியாச்சு. வேற யாரோ வாங்கிட்டாங்க. பொறுப்பு எடுத்த முதல் நாள் நான் அந்த முகவரியைத் தட்டினா, ரம்மி விளையாட வாங்கன்னு கூப்பிடுது! துறை ஆய்விதழோட பின்னட்டை, பழைய கையேடு, கருத்தரங்கச் சான்றிதழ்னு எல்லாத்துலயும் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கு. ஊர் ஊரா நூலகத்துக்குப் போய் ஒவ்வொரு பிரதியிலயும் வெள்ளை மை பூசவா முடியும்?

அதனால முதல் முடிவு, தனிப் பேரே வேண்டாம். பல்கலைக்கழகத்தோட டாட் ஏசி டாட் இன் முகவரிக்குக் கீழயே துறைக்கு ஒரு கிளை முகவரி. ஏசி டாட் இன் பேர்களை எர்நெட் இந்தியாதான் பதிஞ்சு கொடுக்குது. கல்வி நிறுவனம்னு காகிதம் காட்டினாத்தான் கிடைக்கும். ரம்மிக்காரர் வாங்க முடியாது. துறை மறந்தாலும் பல்கலைக்கழகம் மறக்காது. செலவும் கிடையாது.

சரி, பழைய தளத்துல இருந்த விஷயமெல்லாம்? இங்கதான் வேபேக் மெஷின் கை கொடுத்துச்சு. இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற லாப நோக்கமில்லாத அமைப்பு 1996ல இருந்து வலைப்பக்கங்களை நகலெடுத்துச் சேத்து வைக்குது. 2001ல அதை எல்லாரும் பாக்குற மாதிரி வேபேக் மெஷின்னு திறந்து விட்டாங்க. எங்க பழைய பக்கங்கள் பாதிக்கு மேல அதுல பத்திரமா இருந்துச்சு. சந்தோஷமா திறந்து பார்த்தா ஒரு எழுத்து புரியலை. கொம்பு முளைச்ச ஆங்கில எழுத்து, பவுண்டு குறி, கேள்விக்குறின்னு திரை முழுக்கக் கிறுக்கல்.

எழுத்தோட போட்ட சண்டை

பழைய ஆட்களுக்கு இது தெரிஞ்ச கதை. புதுசா வந்தவங்களுக்காகச் சுருக்கமா சொல்றேன். யுனிகோடுல தமிழுக்கு 1991லயே, முதல் பதிப்புலயே, இடம் கிடைச்சிருச்சு. ஆனா நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல அது ஒழுங்காத் தெரிய 2000 தாண்டிருச்சு. அதுவரைக்கும் ஆளாளுக்கு ஒரு ஏற்பாடு. வேற எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கிற எண்ணுல தமிழ் எழுத்தோட உருவத்தை வரைஞ்சு வச்சிருப்பாங்க. பாமினி ஒரு விதம், டிஸ்கி ஒரு விதம், 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் வேற விதம். அந்த எழுத்துரு கையில இருந்தா தமிழ், இல்லைன்னா கிறுக்கல். 2010ல தமிழ்நாடு அரசு யுனிகோடையும் டேஸ் 16ஐயும் தரமா ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. அதுக்கு முன்னாடி தட்டி வச்சதெல்லாம் எங்க துறையில அப்படியேதான் கிடந்தது. தளத்துல ஒரு எழுத்துரு, அலுவலகக் கோப்புல இன்னொண்ணு, ஒவ்வொரு பேராசிரியர் பென் டிரைவ்லயும் அவரவர் இஷ்ட தெய்வம்.

மாத்துறதுக்கு மென்பொருள் இருக்கு. போட்டா முக்கால்வாசி ஒழுங்கா வந்துரும். கால்வாசிதான் ஆளைக் கொல்லும். மூணு சங்கதியை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, ஔவையார். தளத்துல தேடல் பெட்டி வச்சு, "ஔவை"னு தட்டிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுச்சு. தமிழ்த்துறையில ஔவை இல்லையாம்! பார்த்தா, தட்டினவங்க ஔங்கிற ஒரே எழுத்துக்குப் பதிலா ஒ போட்டு, பக்கத்துல ள போட்டிருக்காங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கணினிக்கு வேற வேற. கௌரவம், பௌத்தம், மௌனம்னு எல்லா இடத்துலயும் இதே கதை. இதை மொத்தமா மாத்தவும் முடியாது. "கௌ"வை "கெள"னு தப்பா அடிச்ச சொல்லும் இருக்கும், "கெளுத்தி" மாதிரி நிஜமாவே அப்படி எழுதவேண்டிய சொல்லும் இருக்கும். ஒவ்வொண்ணா பார்த்துதான் திருத்தணும்.

ரெண்டு, கொம்பும் காலும். பழைய எழுத்துருக்கள்ல "கொ" வேணும்னா கண்ணுக்குத் தெரியுற வரிசையில கொம்பு, க, கால்னு மூணு துண்டா இருக்கும். யுனிகோடுல க, அதுக்கப்புறம் ஒகரக் குறி. சில மாத்திகள் அந்த ஒகரக் குறியை ஒரே துண்டா போடுது, சிலது எகரக் குறி, கால்னு ரெண்டு துண்டா போடுது. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், தேடினா கிடைக்காது. நல்லவேளை, யுனிகோடு விதிப்படி இந்த ரெண்டும் சமம்தான். நார்மலைசேஷன்னு ஒரு வசதி உண்டு, அதை ஓட்டினா எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துரும். ஔவையாருக்கு அந்த வைத்தியம் பலிக்காது, ஏன்னா அங்க இருக்கிறது நிஜமான ளகரம்.

மூணு, நெடுங்கணக்கு. பேர்களை அகர வரிசையில அடுக்கிக் காட்டினேன். துறைத்தலைவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டுப் பார்த்தார். "என்ன தம்பி, கனகசபை முன்னாடி வர்றார், கபிலன் பின்னாடி வர்றார்? தொல்காப்பியம் நடத்துற துறைய்யா இது!" அவர் சொன்னது சரி. யுனிகோடு அட்டவணையில நகரத்துக்கு அடுத்தே னகரம், ரகரத்துக்கு அடுத்தே றகரம். ச, ஞ நடுவுல ஜ வேற. எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னா கணினி அப்படித்தான் அடுக்கும். நம்ம வரிசையில றவும் னவும் கடைசி. அதுக்குன்னே தனியா அடுக்கு விதி இருக்கு, கொலேஷன்னு சொல்வாங்க. எண்ணைப் பாக்காம அதைப் பாருன்னு நிரல்ல ஒரு வரி சொன்னாப் போதும். கபிலன் முன்னாடி வந்துட்டார். அன்னைக்குத்தான் துறைத்தலைவருக்கு என் மேல கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு.

முதல் பக்கத்துல யாரு?

ராண்டல் மன்றோவோட எக்ஸ்கேசிடி கேலிச்சித்திரம் நிறையப் பேர் பார்த்திருப்பீங்க. 2010ல பல்கலைக்கழக வலைத்தளம் பத்தி ஒண்ணு போட்டார். ரெண்டு வட்டம். ஒண்ணுல முதல் பக்கத்துல இருக்கிறவை: வளாகப் படங்கள், தலைவர் கடிதம், அந்த மாதிரி. இன்னொண்ணுல மக்கள் தேடி வர்றவை: விண்ணப்பம், பேராசிரியர் தொலைபேசி எண், கால அட்டவணை. ரெண்டு வட்டமும் சேருற இடத்துல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, பல்கலைக்கழகத்தோட முழுப் பேர். அமெரிக்காவுக்குப் போட்ட படம் அப்படியே நம்ம ஊருக்கும் பொருந்துது பாருங்க.

எங்ககிட்ட வந்த பட்டியல்: துணைவேந்தர் படம், பதிவாளர் படம், துறைத்தலைவர் வாழ்த்துச் செய்தி, நகர்ற படங்கள் பன்னிரண்டு, குத்துவிளக்கு ஏத்துற படம் தனியா. நான் வாதம் பண்ணலை. துறை அலுவலகத்துல இருக்கிற அக்காகிட்டப் போய், "அக்கா, போன்ல என்னென்ன கேக்குறாங்கன்னு ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதி வைக்கிறீங்களா?"ன்னு கேட்டேன். அக்கா இருபது வருஷமா அந்த போனை எடுக்குறவங்க. "எழுதவே வேண்டாம் தம்பி, இப்பவே சொல்றேன்"ன்னாங்க. இருந்தாலும் எழுதினாங்க.

நோட்டு நிரம்பினதும் பார்த்தோம். எம்.ஏ. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போ, கட்டணம் எவ்வளவு, எந்த பி.ஏ. படிச்சவங்க சேரலாம், பி.எச்டிக்கு யார்கிட்ட இடம் காலி இருக்கு, பஸ் ஸ்டாண்டுல இருந்து எந்த பஸ்ல வரணும், சான்றிதழ் வாங்க எந்தக் கிழமை வரலாம். கிட்டத்தட்ட அத்தனை அழைப்பும் இந்த ஆறு கேள்விக்குள்ள அடங்கிருச்சு. வாழ்த்துச் செய்தியில என்ன எழுதியிருக்குன்னு யாரும் போன் பண்ணலை :-)

நோட்டைத் துறைத்தலைவர் மேசையில வச்சேன். அவர் ரொம்ப நேரம் புரட்டினார். ஒரு இடத்துல அக்கா எழுதியிருந்தாங்க: "பொண்ணோட அப்பா. கூலி வேலை. விண்ணப்பம் வாங்க நேர்ல வந்தே ஆகணுமான்னு கேட்டார். ஒரு நாள் சம்பளம் போயிரும்னார்." அதைப் படிச்சுட்டு, "என் செய்தியைக் கீழ கொண்டு போங்க"ன்னார். அவ்வளவுதான். முதல் பக்கத்துல அந்த ஆறு கேள்வி, ஆறு பதில். படம் ஒண்ணே ஒண்ணு. துணைவேந்தர் படம் "துறை பற்றி" பக்கத்துல இருக்கு, மரியாதைக்கு ஒண்ணும் குறையலை.

அடுத்த பஞ்சாயத்து ஆசிரியர் பட்டியல். முதல்ல கொடுத்த பட்டியல்ல நிரந்தரப் பேராசிரியர்கள் மட்டும்தான். பாதித் தாள்களை நடத்துற கௌரவ விரிவுரையாளர்கள் பேர் இல்லை. "அவங்க வருஷத்துக்கு வருஷம் மாறுவாங்களே, எப்படிப் போடுறது?"ன்னு கேள்வி. மாறுறாங்கதான். ஆனா வகுப்புல நிக்கிறது அவங்க. அதனால பட்டியலோட தலைப்பை மாத்தினோம். "ஆசிரியர்கள்"ங்கிறதை "இந்தப் பருவத்தில் யார் எந்தத் தாள் நடத்துகிறார்கள்"னு ஆக்கினோம். தலைப்பு மாறினதும் யாரையும் விட முடியாமப் போச்சு. பதினோரு வருஷமா சங்க இலக்கியம் நடத்துற ஒரு அம்மா, தன் பேர் இருக்கிற பக்கத்தை போன்ல திறந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாம இருந்தாங்க. அப்புறம், "இதை என் வீட்டுக்காரருக்கு அனுப்ப எப்படி சார்?"ன்னு கேட்டாங்க.

காதால பாக்குறவங்க

தமிழ் படிக்க வர்றவங்கள்ல பார்வையில்லாத மாணவர்கள் எப்பவும் ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. முதுகலை இரண்டாமாண்டு தம்பி ஒருத்தரைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். என்விடிஏன்னு ஒரு இலவசத் திரைவாசிப்பான் உண்டு. மைக்கேல் கர்ரன்னு ஆஸ்திரேலியாக்காரர், அவரும் பார்வையில்லாதவர், 2006ல தொடங்கினது. அதை வச்சு அந்தத் தம்பி எங்க தளத்தைக் கேட்டார். முதல் ரெண்டு நிமிஷத்துலயே நிறுத்திட்டார். "சார், சுற்றறிக்கை எல்லாம் காலியா இருக்கே."

காலியா இல்லை. ஆனா எல்லாம் கையெழுத்தும் முத்திரையுமா ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். அது வெறும் படம். திரைவாசிப்பானுக்குப் படிக்க அதுல எழுத்தே கிடையாது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எப்போன்னு அவர் இத்தனை நாள் யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டிருந்திருக்கார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல வந்துச்சு. அரசு வலைத்தளங்கள் எப்படி இருக்கணும்னு மத்திய அரசு வழிகாட்டி 2009லயே வந்துச்சு. அதெல்லாம் கோப்புல இருக்கு.

நாங்க ஒரே ஒரு விதி வச்சோம். எந்த அறிவிப்பா இருந்தாலும் முதல்ல யுனிகோடுல தட்டின நாலு வரி, அதுக்குக் கீழதான் முத்திரை போட்ட பிடிஎஃப். படம்னா அது என்ன படம்னு ஒரு வரி. பக்கத்தோட தலையில இது தமிழ்னு மொழிக்குறி, இல்லைன்னா திரைவாசிப்பான் எந்த மொழியில வாசிக்கிறதுன்னு தடுமாறும். இந்த நாலு வரி விதியால கூகிள்லயும் அறிவிப்புகள் கிடைக்க ஆரம்பிச்சது. கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் லாபம்தான்.

அலமாரியில இருந்தது

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு இந்த ஏழு மாசத்துலயும் முக்கியமான சங்கதி.

பி.எச்டி. ஆய்வேடுகளுக்குக் கவலையில்லை. யுஜிசி 2009ல கொண்டு வந்த விதிப்படி மின்வடிவத்துலயும் கொடுக்கணும்னு ஆச்சு. இன்ஃப்ளிப்நெட் நடத்துற ஷோத்கங்காவுல நாடு முழுக்க உள்ளதெல்லாம் சேருது. எங்ககிட்ட இருந்த எம்.ஃபில். ஆய்வேடுகள்தான் அநாதை. எம்.ஃபில்லையே 2022ல நிறுத்திட்டாங்க. படிப்பே இல்லைன்னு ஆனதும் அந்த ஏடுகளைக் கேக்கவும் ஆளில்லை. 1970கள்ல இருந்து சேர்ந்தது, ரெண்டு இரும்பு அலமாரி நிறைய. தட்டச்சு பண்ணி, காலிகோ பைண்டிங் போட்டு, முதுகுல தங்க எழுத்து மங்கிப் போய் இருக்கும். அதுல பாதி, நாட்டுப்புறப் பாட்டு, ஊர்ப் பேர், சாமி கதைன்னு மாணவர்கள் நேர்ல போய்ச் சேகரிச்சது. பாடினவங்க இப்ப உயிரோட இல்லை.

நாக் குழுவுக்காகத் துறையைச் சுத்தம் பண்ணும்போது, அலமாரி ரொம்ப அசிங்கமா இருக்குன்னு ஒரு பேச்சு வந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா வராந்தாவுல ஏடுகள் கயித்துல கட்டி அடுக்கியிருக்கு. எடைக்குப் போடப் போறாங்களாம். யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலை. அதுல என்ன இருக்குன்னு எங்கயும் எழுதி வைக்கலை, அவ்வளவுதான். பட்டியல்ல இல்லாத பொருள் குப்பைதானே.

துறைத்தலைவர்கிட்ட ஓடினேன். "ஐயா, வெப்சைட்டுக்கு இந்தப் பட்டியல் வேணும். நாக்குக்கும் காட்டலாம்"னு சொன்னேன். நாக்குன்னு சொன்னாத்தான் கட்டு அவிழும் :-) ஆய்வாளர்கள் ஆறு பேர் சாயந்திரம் சாயந்திரம் உக்காந்தோம். தலைப்பு, ஆய்வாளர் பேர், நெறியாளர் பேர், ஆண்டு, கள ஆய்வு பண்ணின ஊர். அஞ்சே விவரம். முகப்புப் பக்கத்தைப் போன்ல ஒரு படம். கரையான் தின்ன ஏடு, தலைப்பு பாதி போன ஏடுன்னு எல்லாத்தையும் பதிஞ்சோம். ஒரே கோயில் பத்தி அடுத்தடுத்த வருஷங்கள்ல நாலு பேர் ஆய்வு பண்ணியிருந்ததும் அப்பத்தான் தெரிஞ்சது. ஏடுகள் திரும்ப அலமாரிக்குப் போச்சு, இந்தத் தடவை முதுகுல எண் ஒட்டி.

தளம் 2024 பிப்ரவரியில திறந்தது. குழு வந்தாங்க, பார்த்தாங்க, தலையாட்டினாங்க, போனாங்க. மொத்தம் நாலு நிமிஷம்.

மார்ச் மாசம் மலேசியாவுல இருந்து ஒரு பெண்மணி மின்னஞ்சல் அனுப்பினாங்க. தன் மாமா பேரைக் கூகிள்ல சும்மா தட்டிப் பார்த்திருக்காங்க. அவர் இங்க வந்து எம்.ஃபில். படிச்சுட்டுப் போனவர், இப்ப இல்லை. என்ன ஆராய்ச்சி பண்ணினார்னு வீட்டுல யாருக்கும் தெரியாதாம். எங்க பட்டியல்ல 1984ல அவர் பேர். தோட்டத்துல பாடின தாலாட்டு பத்தின ஆய்வேடு, கள ஆய்வு ஊர்ங்கிற இடத்துல அவங்க குடும்பம் இருந்த எஸ்டேட் பேர். பின்னிணைப்புல பாடினவங்க பட்டியல் இருந்துச்சு. அதுல மூணாவது பேர் அவங்க பாட்டி. ஆய்வாளர் தம்பி ஒருத்தர் உக்காந்து அத்தனை பக்கத்தையும் படம் பிடிச்சு அனுப்பி வச்சார். "என் பாட்டி என்ன பாடினாங்கன்னு இப்பத்தான் முதல் தடவை படிக்கிறேன்"ன்னு பதில் வந்துச்சு. அந்த மின்னஞ்சலை அக்கா பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவுல ஒட்டியிருக்காங்க. இப்ப யாரும் அதை அசிங்கம்னு சொல்றதில்லை.

கட்டினா மட்டும் போதாது

கடைசியா, இதே வேலையில இறங்கப் போறவங்களுக்கு நாலு குறிப்பு.

1. பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கக் கூடாது. எங்களுது ரெண்டு பேர்கிட்ட இருக்கு, மூணாவது பிரதி ஒட்டின உறையில துறை அலமாரியில இருக்கு.

2. பக்கத்தோட முகவரியை மாத்தாதீங்க. வலையைக் கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ் லீ 1998லயே இதைக் கட்டுரையா எழுதிட்டார். மாத்தியே ஆகணும்னா பழைய முகவரியில இருந்து புதுசுக்குத் திருப்பி விடுங்க.

3. கண்ணைக் கவர்ற சமாச்சாரத்தை நம்பாதீங்க. ஃப்ளாஷ்ல கட்டின தளமெல்லாம் 2020 டிசம்பரோட அடோபி கடையைச் சாத்தினதும் கல்லாப் போச்சு. வெறும் எழுத்தும் பட்டியலும் எப்பவும் திறக்கும், மெதுவான போன்லயும் திறக்கும்.

4. அறிவிப்பு போடத் தெரிஞ்சவங்க அலுவலகத்துல இருக்கணும். எங்க தளத்துல இப்ப அறிவிப்பு போடுறது அக்காதான். நாலு வரி தட்டி, பிடிஎஃப் சேக்குறதுக்கு அவங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகுது. போன் மணி பாதியாக் குறைஞ்சதால அந்தப் பத்து நிமிஷம் கிடைக்குதாம்.

பி.கு.: உங்க கல்லூரியிலயும் இப்படிப் பழைய ஆய்வேடு அலமாரி இருக்கும். சுத்தம் பண்றோம்னு யாராவது கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சாயந்திரம் போய் அஞ்சு விவரம் குறிச்சு வைங்க. தளம் மெதுவாக் கட்டிக்கலாம்.